உண்டதை உரைக்கும் குருதி



இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது, மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்று ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு 2023இல் தெரிவித்தது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர். இவ்வளவு பெரிய நோய்க்கு உணவும் ஒரு காரணம் என்பதை யாரும் மறுப்பதில்லை. எந்த உணவு, எவ்வளவு உண்டால் நோய் வரும் என்று கேட்கும்போதுதான் சச்சரவு தொடங்குகிறது. பால் நல்லதா, நெய் கெட்டதா, சோற்றைக் குறைப்பதா, பழம் சாப்பிடலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றுக்கொன்று முரணான பதில்கள். இந்த முரணுக்கு அடியில் ஓர் எளிய குறை இருக்கிறது. ஒருவர் உண்மையில் என்ன சாப்பிட்டார் என்பதை அளக்க நம்மிடம் நல்ல கருவி இல்லை. அந்தக் கருவியை இரத்தத்தில் தேடியவர்களைப் பற்றியும், அவர்கள் கண்டதைப் பற்றியும், அந்தத் தேடலில் நம் சோறு இன்னும் இடம் பெறாமல் இருப்பதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

உணவு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு வினாப்பட்டியலை நம்பி நிற்கின்றன. கடந்த ஓராண்டில் கத்தரிக்காய் எத்தனை முறை, வாழைப்பழம் வாரத்துக்கு எத்தனை, சோறு எத்தனை கரண்டி என்று கேட்பார்கள். நம் வீட்டில் இதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். சாம்பாரில் போன காய் யார் தட்டுக்கு எவ்வளவு வந்தது? தாளிக்க ஊற்றிய எண்ணெய் தலைக்கு எவ்வளவு? மாதம் வாங்கும் எண்ணெயை வீட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் ஆய்வாளர்கள் கணக்கெழுதுகிறார்கள். பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் குடித்த காபியும் அதில் கரைந்த சர்க்கரையும் பலர் நினைவுக்கே வருவதில்லை. மிச்சமான சோற்றை வீணாக்க மனமில்லாமல் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டு முடிக்கும் அம்மாவிடம் போய் 'மதியம் எவ்வளவு சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டால் எந்த அளவைச் சொல்வார்?

இந்த நினைவுப் பிசகு எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவில் மேரிலாண்டில் நடந்து 2003இல் வெளியான 'ஓப்பன்' ஆய்வு அளந்து காட்டியது. 484 ஆண்களும் பெண்களும் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களுக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர் தனி வகையானது. அதில் கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்திருந்தன. ஹைட்ரஜன் உடலைவிட்டு நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறையும் வேக வித்தியாசத்தைச் சிறுநீரில் அளந்தால், உடல் எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டது, அதாவது எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தது என்று கணக்கிட்டுவிடலாம். எடை மாறாமல் இருப்பவருக்குச் செலவுதான் வரவு. அந்த வரவோடு வினாப்பட்டியலை ஒப்பிட்டபோது, ஆண்களும் பெண்களும் தாம் உண்டதில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. மறதியும் கூச்சமும் மனிதருக்கு இயல்பு. ஆனால் இந்தப் பிசகு எல்லோரிடமும் ஒரே அளவில் இருந்திருந்தால் ஆய்வு இவ்வளவு குழம்பியிருக்காது. உடல் எடை கூடியவர்கள் கூடுதலாகக் குறைத்துச் சொல்கிறார்கள். நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களும் அவர்கள்தான். ஆகவே தராசின் ஒரு தட்டு மட்டும் தாழ்ந்தே நிற்கிறது. அந்தத் தராசில் நிறுத்த பல முடிவுகளை நாம் நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

இதற்கு மாற்று தேடியவர்களில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஷீலா பிங்ஹாமை நான் மிகுந்த மதிப்போடு நினைக்கிறேன். உண்ட புரதத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில் வந்துவிடும். எனவே ஒரு நாள் சிறுநீரை முழுதாகச் சேகரித்தால் புரதக் கணக்கு கிடைக்கும். முழுதாகச் சேகரித்தார்களா, ஒரு வேளையை விட்டுவிட்டார்களா என்று எப்படி அறிவது? அதற்கு ஒரு தீங்கற்ற மாத்திரையைச் சாப்பாட்டோடு மூன்று வேளை விழுங்கச் சொன்னார். அது ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில் வெளியேறும் பொருள். சேகரித்ததில் அந்த மருந்து குறைந்திருந்தால் சேகரிப்பும் குறை. யாரையும் குற்றம் சொல்லாமல், சங்கடப்படுத்தாமல் உண்மையை அறியும் இந்த வழியில் அறிவும் கனிவும் சேர்ந்திருக்கின்றன.

1990களில் ஐரோப்பாவில் பத்து நாடுகளைச் சேர்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 'எபிக்' என்னும் நெடுநாள் ஆய்வு தொடங்கியது. புற்றுநோய்க்கும் உணவுக்கும் உள்ள உறவை அறிவது அதன் முதல் நோக்கம். வினாப்பட்டியலோடு நிற்காமல் பெரும்பாலோரிடம் இரத்தமும் எடுத்து, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் சேமித்தார்கள். அன்று அந்த இரத்தத்தில் எதையெல்லாம் அளக்கப் போகிறோம் என்பது அவர்களுக்கே முழுதாகத் தெரியாது. பின்னால் வருபவர்களுக்காக வைத்துப் போனார்கள். அந்தச் சேமிப்பிலிருந்துதான் நீரிழிவுக்கான 'இண்டர்ஆக்ட்' ஆய்வு பிறந்தது. எட்டு நாடுகள், 3,40,234 பேர். அவர்களில் புதிதாக நீரிழிவு வந்த 12,403 பேரின் பழைய இரத்தத்தை, அதாவது நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு எடுத்த இரத்தத்தை, நோய் வராத மற்றவர்களின் இரத்தத்தோடு ஒப்பிட முடிந்தது. கேம்பிரிட்ஜில் நீத்தா ஃபுரூஹியும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நிறைவுற்ற கொழுப்பு கெட்டது என்பது பள்ளிப் பாடம்வரை வந்துவிட்ட வாக்கியம். இவர்கள் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை ஒரே கூட்டமாகப் பார்க்காமல், கார்பன் அணுக்களின் எண்ணிக்கைப்படி பிரித்து இரத்தத்தில் அளந்தார்கள். 14, 16, 18 என்று இரட்டைப்படை கார்பன் கொண்டவை அதிகம் இருந்தவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வந்தது. 15, 17 என்று ஒற்றைப்படை கார்பன் கொண்டவை அதிகம் இருந்தவர்களுக்குக் குறைவாக வந்தது. ஒரே பெயரில் அழைத்த கொழுப்புகள் நேரெதிர்த் திசைகளில் நின்றன. ஒற்றைப்படை அமிலங்களை மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன. அவை பால் கொழுப்பு வழியாக நமக்கு வருகின்றன. ஆகவே பாலும் தயிரும் நீரிழிவைத் தடுக்கின்றன என்று பலர் முடிவு கட்டினார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். நார்ச்சத்து குடலில் புளிக்கும்போது உண்டாகும் புரோப்பியானிக் அமிலத்திலிருந்தும் நம் கல்லீரல் ஒற்றைப்படை அமிலங்களைக் கட்டுகிறது என்று பிற்பாடு தெரியவந்தது. ஆகவே அந்த அமிலம் தயிர் சாப்பிட்டவரையும் காட்டலாம், நார் மிகுந்த உணவு சாப்பிட்டவரையும் காட்டலாம்.

இரட்டைப்படைக் கதைதான் நமக்கு இன்னும் நெருக்கமானது. இரத்தத்தில் உள்ள பால்மிட்டிக் அமிலம், அந்த 16 கார்பன் அமிலம், முழுவதும் உண்ட கொழுப்பிலிருந்து வந்தது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தேவைக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போகும்போது, கிளைக்கோஜனாகச் சேர்த்துவைக்க இடம் நிறைந்த பிறகு, கல்லீரல் அந்த மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது முதலில் உண்டாவது பால்மிட்டிக் அமிலமே. அதிலிருந்து ஒரு பங்கு பால்மிட்டோலேயிக் அமிலமாகிறது. அமெரிக்காவில் வளர்சிதைக் கோளாறு உள்ள சிலருக்கு மாவுச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி உணவு கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில், கொழுப்பு உணவு குறைந்துகொண்டே வந்தபோதும் இரத்தத்தில் பால்மிட்டோலேயிக் அமிலம் ஏறிக்கொண்டே போனது. எண்ணெய் தொடாத உணவு, வெள்ளைச் சோறு மட்டும், ஆனால் இரத்தத்தில் கொழுப்பு. 'நான் நெய்யே சேர்ப்பதில்லை டாக்டர், எனக்கு எப்படி ட்ரைகிளிசரைடு ஏறியது?' என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் இதில் விடை இருக்கிறது. அவருடைய இரத்தத்தில் ஓடும் கொழுப்பு அவர் தட்டில் சோறாக இருந்தது.

உண்டதை இரத்தத்திலோ சிறுநீரிலோ காட்டும் இத்தகைய பொருளைக் குறிப்பான் என்கிறோம். இதனால்தான் அதை வெறும் உணவுக் கணக்காக நான் நினைப்பதில்லை. வாயில் போட்டது என்ன என்பதையும், போட்ட பிறகு உடல் அதை என்ன செய்தது என்பதையும் அது சேர்த்துச் சொல்கிறது. பலம் அதுதான், சிக்கலும் அதுதான்.

காய்கனிக்கு வருவோம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 21,831 பேரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து, முடிவை 2008இல் வெளியிட்டார்கள். இரத்தத்தில் வைட்டமின் சி மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட நீரிழிவு வாய்ப்பு 62 சதவீதம் குறைவு. அதே மக்களிடம் வினாப்பட்டியல் வழியாகக் கேட்ட காய்கனிக் கணக்கில் தொடர்பு இருந்தாலும் இவ்வளவு வலுவாக இல்லை. 2020இல் இண்டர்ஆக்ட் ஆய்வில் வைட்டமின் சியையும் காய்கனியின் நிறமிகளான கரோட்டினாய்டுகளையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கிப் பார்த்தார்கள். உயர்ந்த பிரிவினருக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. நாளைக்கு 66 கிராம் காய்கனி கூடினால் 25 சதவீதம் குறைவு என்று கணக்கு வந்தது. 66 கிராம் என்பது ஒரு சிறிய கொய்யா அல்லது ஒரு கைப்பிடி அவரைப் பொரியல். எட்டாத அளவு அல்ல என்பதால் இந்த எண் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இந்த இடத்தில் கடைக்காரர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வைட்டமின் சி அதிகமுள்ளவருக்கு நீரிழிவு குறைவு என்றால், வைட்டமின் சி மாத்திரை விழுங்கலாமே? விழுங்கிப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் பெண்களுக்குப் பல ஆண்டுகள் வைட்டமின் சியும் ஈயும் பீட்டா கரோட்டினும் கொடுத்து நடந்த சோதனையின் முடிவு 2009இல் வந்தது. நீரிழிவு குறையவில்லை. பிறப்பிலேயே வைட்டமின் சி சற்றுக் கூடுதலாக இருக்கும்படியான மரபணு வாய்த்தவர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் குறைவில்லை. ஆக, வைட்டமின் சி இரத்தத்தில் நின்று காய்கனிக்குச் சாட்சி சொல்கிறது. நன்மை செய்வது அந்தக் காய்கனி முழுவதும், அதைத் தட்டில் வைத்ததால் வெளியேறிய வேறு உணவும். சாட்சியையே மருந்தாக்கினால் என்ன ஆகும் என்பதைப் பின்லாந்து கற்றது. அங்கே புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அதற்கு முன் வந்த பல ஆய்வுகள், இரத்தத்தில் கரோட்டின் அதிகமுள்ளவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்றுதான் சொல்லிவந்தன. மாணவர்கள் இந்தச் செய்தியை மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

குறிப்பான்களை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு அண்மையில் நல்ல முன்மாதிரி ஒன்று வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் முதியவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் மத்தியதரைக்கடல் நாட்டு உணவு, மற்றதற்கு வழக்கமான உணவு என்று கொடுத்தார்கள். 128 பேரின் இரத்தத்தில் எந்தெந்தக் கரோட்டினாய்டுகளும் கொழுப்பு அமிலங்களும் இரு பிரிவையும் வேறுபடுத்துகின்றன என்று பார்த்து ஒரு மதிப்பெண் உருவாக்கினார்கள். அதாவது, என்ன சாப்பிட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் கருவியைச் செய்தார்கள். பிறகு அதை இண்டர்ஆக்ட் இரத்தத்தில் வைத்தார்கள். 2023இல் முடிவு வந்தது. ஒரே அளவு வித்தியாசத்துக்கு, வினாப்பட்டியல் நீரிழிவு வாய்ப்பை 10 சதவீதம் குறைத்துக் காட்டியது, இரத்த மதிப்பெண் 29 சதவீதம் குறைத்துக் காட்டியது. இரத்தம் உணவோடு உடலின் பிற நிலைகளையும் ஏந்தி வருவதால் இந்த வித்தியாசம் முழுவதும் உணவாலேயே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வினாப்பட்டியலை மட்டும் நம்பியதால் உணவின் பங்கை நாம் குறைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்பதை அது உணர்த்துகிறது.

இனி நம் ஊர். நமக்கு ஆய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் டாக்டர் மோகனின் ஆய்வு அறக்கட்டளை நடத்திய 'க்யூர்ஸ்' ஆய்வு, தீட்டிய தானியம் கூடக்கூட வளர்சிதைக் கோளாறும் கூடுவதைக் காட்டியது. 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வு 2020இல், வெள்ளரிசிச் சோறு அதிகம் உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவானது என்றது. டாக்டர் ராமச்சந்திரனின் குழு 2006இலேயே, நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைக்கும் என்று சோதித்துக் காட்டிவிட்டது. இவை பெருமைப்பட வேண்டிய பணிகள். ஆனால் சோற்றைப் பற்றிய நம் பெரிய கணக்குகளும் கேட்டு எழுதியவைதான்.

ஐரோப்பியர்களுக்கு முழுத் தானியத்துக்கு ஒரு குறிப்பான் இருக்கிறது. ஆல்க்கைல்ரிசார்சினால் என்று பெயர். கோதுமை, ரை ஆகியவற்றின் தவிட்டில் அது நிறைய உண்டு. ரொட்டி சுட்டாலும் அழியாது. முழு மாவு உண்டவர் இரத்தத்தில் தெரியும், மைதா உண்டவர் இரத்தத்தில் ஏறக்குறையத் தெரியாது. எந்த மாவைத் தின்றாய் என்று கேட்கவே வேண்டாம். நாம் உண்ணும் அரிசியில் அது சொல்லும்படி இல்லை. கைக்குத்தல் அரிசி உண்டவரையும் பளபளவென்று தீட்டிய அரிசி உண்டவரையும் இந்தக் குறிப்பானால் பிரித்தறிய முடியாது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் தினைக்கும் சாமைக்கும், அந்த அளவுக்குச் சோதித்துத் தேர்ந்த குறிப்பான் எதையும் நாம் இன்னும் கைக்கொள்ளவில்லை. சிறுதானியத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாடு இதை முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

காய்கனிக் குறிப்பானையும் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட முடியாது. வைட்டமின் சி சூட்டில் அழியும். பச்சைக் காயும் பழமும் மிகுதியாக உண்ணும் ஊரில் அது நல்ல சாட்சி. கீரையை வேகவைத்துக் கடைந்து, காயைக் குழம்பில் கொதிக்கவிட்டு உண்ணும் ஊரில் அது பாதிதான் பேசும். கரோட்டினாய்டு நேர்மாறு. வெந்து, எண்ணெயோடு சேர்ந்தால் உடலில் நன்றாக ஏறும். முருங்கைக்கீரைப் பொரியலும் மஞ்சள் பூசணிக் கூட்டும் அந்த வழியில் தெரிய வேண்டும். இதெல்லாம் ஊகம் போட்டு விட்டுவிடும் விஷயம் அல்ல, அளந்து பார்க்க வேண்டியது.

நோயாளியைப் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, 120 நாள் வாழும் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. இரும்புச்சத்துக் குறைவால் சோகை வந்தால் சர்க்கரை ஏறாமலேயே அது ஏறிக் காட்டக்கூடும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சோகை. அதேபோல வைட்டமின் பி12 குறைந்திருந்தால் உணவை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரையும் அதைக் குறைக்கும். அந்த பி12ஐப் புறக்கணிக்கவும் கூடாது. புனேயில் டாக்டர் யாஜ்னிக், கருவுற்ற காலத்தில் பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டார். நான் இன்று விவரித்த மதிப்பெண்கள் எவையும் தனி ஒருவருக்கு நோய் கண்டறியப் பயன்படுபவை அல்ல. ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்க்கும்போது உண்மையைக் காட்டும் கருவிகள் அவை. ஆயிரங்கள் கேட்டு யாராவது ஓர் 'உணவு இரத்தப் பரிசோதனை' செய்யச் சொன்னால் அந்தப் பணத்தில் காய்கனி வாங்குங்கள்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடிலெய்டில் செய்ததை இங்கே செய்ய முடியும். ஒரு விடுதிச் சமையலறை போதும். நூறு பேருக்குச் சில வாரங்கள் எடைபோட்ட சாப்பாடு கொடுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் தீட்டிய அரிசி, அடுத்ததில் கைக்குத்தல், அதற்கடுத்துக் கேழ்வரகும் கம்பும். பருப்பையும் கீரையையும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளலாம், பிறகு அவற்றை மாற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வெறும் வயிற்றில் இரத்தமும், ஒரு நாள் முழுச் சிறுநீரும். இரத்தம் எடுத்தவுடனே ஒரு குழாயில் அமிலம் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வைட்டமின் சி அழிந்துவிடும். மற்றவற்றைப் பல சிறு குழாய்களாகப் பிரித்து, பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரியில், மின்சாரம் போனாலும் குளிர் குறையாத பெட்டியில் வைக்க வேண்டும். முதல் ஆண்டில் கொழுப்பு அமிலங்களையும் கரோட்டினாய்டுகளையும் அளந்துவிடலாம், அதற்கான கருவிகள் சென்னையிலேயே உள்ளன. மீதிக் குழாய்களை, இன்னும் பெயர் வைக்காத குறிப்பான்களைத் தேடப்போகும் இந்த மாணவர்களுக்காக மூடி வைத்துவிடலாம்.